விராலிமலைப் படிக்கட்டில் ஒரு டைனோசார்

விராலிமலைக்கு நீங்கள் போயிருப்பீர்கள். போகாதவர்கள் அவசியம் ஒரு தடவை போய் வாருங்கள். திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் நெடுஞ்சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் வந்ததும், வெறும் சமவெளியில் திடீரென்று ஒரு பாறைக் குன்று எழும்பி நிற்கும். புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு அது சொந்த மலை. இருநூற்றுச் சொச்சம் படிகள் ஏறினால், வள்ளி தெய்வானை சமேதராக ஆறுமுகப் பெருமான் மயில்மீது அமர்ந்திருப்பதைத் தரிசிக்கலாம். இங்கே சுவாமிக்குச் சுருட்டு படைக்கிற வழக்கம் உண்டு. "முருகனுக்குச் சுருட்டா!" என்று மூக்கின்மேல் விரல் வைக்காதீர்கள். அது தனிக் கதை. இன்னொரு சமயம் பார்த்துக் கொள்ளலாம். ஆட்டத்துக்கும் பெயர் பெற்ற ஊர் இது. இந்தக் கோயிலில் சதிர் ஆடிய முத்துக்கண்ணம்மாளுக்கு 2022ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஆனால் நான் இப்போது சொல்ல வந்தது நிஜ மயில்களைப் பற்றி. விராலிமலையில் மயில்களைத் தேடிக்கொண்டு போக வேண்டியதில்லை. விடியற்காலையில் வெயில் ஏறுமுன் போய்விட்டால் பாறை இடுக்கிலும், மரக்கிளையிலும், சில சமயம் நமக்கு நாலு படி முன்னாலேயும் அவை நடமாடும். அதைப் பார்த்ததும் நம்மில் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்வோம். தோகையைப் பார்த்து, "ஆஹா!" என்போம். குழந்தையைத் தூக்கிக் காட்டுவோம். கையில் இருக்கிற செல்போனில் ஒரு படம் எடுத்துக் கொண்டு நடையைக் கட்டுவோம்.

அடுத்த தடவை தோகையை விட்டுவிடுங்கள். காலைப் பாருங்கள்.

மயில் தன் காலைப் பார்த்துத் தானே அழும் என்று பாட்டிமார் சொல்வதுண்டு. அத்தனை அழகுக்கும் கீழே இப்படியொரு காலா என்று அதற்கு வெட்கமாம்! உண்மைதான், அந்தக் கால் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. மேலே நீலமும் பச்சையும் பொன்னுமாக ஜொலிக்கிற உடம்பு. கீழே உடும்பின் தோலைப்போல் செதில் செதிலாக, சாம்பல் நிறத்தில், மூன்று விரல்களை முன்னால் விரித்து, நகத்தைப் பாறையில் ஊன்றி நிற்கிற கால். ஆண் மயிலுக்குப் பின்புறம் ஒரு முள்ளும் உண்டு. இந்தக் கால் எங்கிருந்து வந்தது தெரியுமா? டைனோசாரிடமிருந்து வந்தது. அதுவும் புல் தின்று கொண்டிருந்த சாதுவான டைனோசாரிடமிருந்து அல்ல; பின்னங்கால் இரண்டால் நடந்து, மற்றப் பிராணிகளை அடித்துத் தின்ற குடும்பத்திலிருந்து வந்தது.

சிரிக்காதீர்கள். சினிமாவில் டைனோசாரைப் பார்த்துப் பயந்த குழந்தையிடம் போய், "மயிலும் அதுவும் ஒரே ஜாதி" என்று சொன்னால் குழந்தைகூட நம்பாது. இருந்தாலும் இது யாரோ கட்டிவிட்ட கதை இல்லை. 1861ஆம் ஆண்டில் ஜெர்மனியில் சுண்ணாம்புக் கல்லை வெட்டும்போது ஒரு பிராணியின் அச்சு கிடைத்தது. இறகு பறவையுடையது, பல்லும் எலும்பு வாலும் ஊர்வனவற்றுடையவை. அப்போதே இங்கிலாந்தில் ஹக்ஸ்லி என்ற மேதை, பறவையும் டைனோசாரும் உறவு என்று வாதாடினார். நூறு வருஷம் கழித்து, 1969ல், அமெரிக்காவில் ஜான் ஆஸ்ட்ரம் என்பவர் வேகமாக ஓடி வேட்டையாடிய சிறு டைனோசார் ஒன்றை எலும்பு எலும்பாக விவரித்தபோது, பழைய வாதத்துக்கு உயிர் வந்தது. 1996ல் சீனாவிலிருந்து, உடம்பெல்லாம் இறகுத் தூவி போர்த்திய டைனோசாரே வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு விஞ்ஞானிகள் பறவைகளை டைனோசாரின் வாரிசு என்று சொல்வதோடு நிறுத்துவதில்லை. மிஞ்சியிருக்கும் டைனோசார்களே பறவைகள்தான் என்கிறார்கள்.

மயில் நடப்பதைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் உங்களுக்கே சில சங்கதிகள் புலப்படும். அதன் கால் முட்டி பின்பக்கமாக மடிகிறது அல்லவா? அது முட்டியே அல்ல, கணுக்கால். நிஜமான முட்டி இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. நாம் பாதம் முழுவதையும் தரையில் வைத்து நடக்கிறோம். அது விரல்களால் மட்டும் நடக்கிறது. வேட்டையாடிய டைனோசார்களும் அப்படித்தான் விரலால் நடந்தன. அவற்றின் பெரும்பாலானவைக்கும் முன்னால் மூன்று விரல்கள்தான்.

ஒரு வித்தியாசம் உண்டு. அந்த மிருகங்களுக்குப் பின்னால் கனத்த வால் இருந்தது. முன்னால் தலையும் பின்னால் வாலும் தராசுத் தட்டுப்போல் சமமாக நிற்க, நடுவில் இரண்டு கால்கள். பறவைக்கு அந்த வால் சுருங்கிப் போய்விட்டது. மயிலுக்கு இவ்வளவு நீள வால் இருக்கிறதே என்பீர்கள். அது வாலே இல்லை! வாலுக்கு மேலே முளைக்கிற மூடு இறகுகள்தான் தோகை. வருஷா வருஷம் மழைக்காலத்தோடு உதிர்ந்து மறுபடி முளைக்கும். தோகையை விரித்து ஆடும்போது பின்பக்கம் போய்ப் பாருங்கள். அதைத் தாங்கிக் கொண்டு பழுப்பு நிறத்தில் குட்டையாக நிற்பதுதான் அசல் வால். 2014ல் சிலி நாட்டு விஞ்ஞானிகள் கோழிக் குஞ்சுகளுக்குப் பின்னால் பாரமான பொய் வாலைக் கட்டி வளர்த்துப் பார்த்தார்கள். தொடையை அசைத்து, டைனோசாரைப் போலவே அவை நடை பழகினவாம். நம் வீட்டில் கோழி வளர்க்கிறவர்கள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்களோ!

கோழி என்றதும் நினைவுக்கு வருகிறது. மாமிசம் சமைக்கிற வீட்டுச் சகோதரிகள் கோழியின் நெஞ்சுப் பக்கத்தில் ஓர் எலும்பைப் பார்த்திருப்பீர்கள். பையன்களின் உண்டிவில்லுக்கு வெட்டுகிற கவைக் குச்சியைப்போல் இருக்கும். அந்தக் கவை எலும்பு டைரனோசாரஸ் என்ற ராட்சசனுக்கும் இருந்தது. கோழி எலும்பு உள்ளே கூடாக, காற்றுப் புகுவதற்கு இடம் விட்டு இருக்கும். வேட்டை டைனோசார்களின் முதுகெலும்பும் அப்படியே. பெரிய உடம்பு, ஆனால் அதற்குத் தக்க பாரம் இல்லை. ஓடித் துரத்துவதற்கு அது சௌகரியம்.

"அப்படியானால் அந்தப் பெரிய மிருகங்கள் நம் புதுக்கோட்டைச் சீமையிலும் திரிந்தனவா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் விராலிமலையிடம் கேட்டால் பதில் வராது. இந்தக் குன்றும், நார்த்தாமலையும், குடுமியான்மலையும், சித்தன்னவாசலும் பூமிக்கு அடியில் ஆழத்தில் வெந்து இறுகிய கல். சித்திரம் தீட்டவும், குடைவரை குடையவும், கல்வெட்டு வெட்டவும் அருமையான கல்தான்; எலும்பைப் பாதுகாக்க உதவாது. அதுவுமன்றி, டைனோசார்கள் தோன்றுவதற்கு வெகு காலத்துக்கு முந்திய கல் இது. செத்த பிராணி ஆற்று வண்டலிலோ கடற்கரைச் சேற்றிலோ புதைந்தால்தான் அதன் எலும்பு கல்லாகச் சமையும். அந்த வண்டலைப் பார்க்க வேண்டுமானால் இங்கிருந்து வடக்கே போக வேண்டும். திருச்சி போய், காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்டி, அரியலூர்ப் பக்கம்.

அரியலூர் ஒரு காலத்தில் கடல். சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக் கல் வெட்டுகிற பள்ளங்களில் கடல் நத்தைகளும் சிப்பிகளும் கல்லாகக் கிடப்பது அதனால்தான். அந்தக் கடல் பின்வாங்கியபோது ஆறுகள் கொண்டு வந்து கொட்டிய மண்ணும் களியும் கல்லமேடு என்ற சிற்றூருக்கு அருகில் தெரிகின்றன. டைனோசார் யுகம் முடிந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. கல்லமேட்டு மண் அந்த யுகத்தின் கடைசிக் காலத்தைச் சேர்ந்தது. பழைய திருச்சி ஜில்லாவில் டைனோசார் எலும்புகள் இருப்பதைப் பற்றி 1929லேயே மாட்லி என்ற ஆங்கிலேயர் ஒரு கட்டுரை எழுதி வைத்திருக்கிறார்.

இங்கே 1980களில் ஒரு பெரிய அதிசயம் நடந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் கல்லமேட்டில் எடுத்த எலும்புகளை 1987ல் உலகத்துக்கு அறிவித்தார்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு ஒன்றே 2 மீட்டர் நீளம்! நம் வீட்டு வாசற்படியில் நிறுத்தினால் நிலையில் இடிக்கும். 'பிருஹத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். பிருஹத் காயம் என்றால் பேருடம்பு. மாட்லியின் பெயரையும் கூடச் சேர்த்தார்கள். இது மாமிசம் தின்ற ராட்சசன் என்பது அவர்களுடைய முடிவு. யோசித்துப் பாருங்கள், அந்த அளவில் ஒரு வேட்டை மிருகம் இருந்திருந்தால், டைரனோசாரஸ் அதன் பக்கத்தில் ஆட்டுக்குட்டி!

அப்புறம் மற்றவர்கள் ஆராய்ந்து, "இல்லை, இது நீண்ட கழுத்தை நீட்டி இலை தழை தின்ற வகை" என்று சொன்னார்கள். அந்த முடிவுதான் இப்போது நிலைத்திருக்கிறது. எலும்பை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி அளந்து பார்த்துவிடலாமே என்றால், எலும்பு இல்லை. கல்லமேட்டுக் களிமண் மழைக்காலத்தில் ஊறும், கோடையில் வெடிக்கும். அதற்குள் இருந்த எலும்பும் உளுத்துப் போயிருந்தது. வெளியே எடுத்த பிறகு உதிர்ந்து பொடியாகிவிட்டது. கண்டெடுத்தவர்களில் ஒருவரான அய்யாசாமியே 2022ல் இன்னொருவருடன் சேர்ந்து அந்த இழப்பைப் பற்றி எழுதினார். உலகத்திலேயே மிகப் பெரிய தரைப் பிராணிகளில் ஒன்றாக இருக்கக்கூடிய ஒரு ஜந்து இப்போது சில படங்களாகவும் அளவுகளாகவும் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. ஆறு கோடி வருஷம் மண்ணுக்குள் தாக்குப் பிடித்தது, வெளியே வந்து சில காலம்கூட நிற்கவில்லை. இதைப் படித்த அன்று எனக்கு மனசே சரியில்லை.

நிற்க. கல்லமேட்டில் நிஜமாகவே மாமிசம் தின்றவர்களும் இருந்தார்கள். அவர்கள் விட்டுப் போனவை பற்கள். இந்தப் பற்களை எப்படி அடையாளம் கண்டார்கள் என்பது ரஸமான விஷயம். பனைமட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்திருக்கிறீர்களா? கருக்கு என்போமே, அறுத்துவிடும். கதிர் அறுக்கிற அரிவாளிலும் அந்தக் கருக்கு உண்டு. மாமிசம் தின்ற டைனோசாரின் பல் பக்கவாட்டில் தட்டையாக, கத்தி மாதிரி இருக்கும். அதன் ஓரத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சின்னச் சின்னக் கருக்கு வரிசையாகத் தெரியும். மெல்லுவதற்கு அல்ல, அறுப்பதற்கு. அறுத்த துண்டை அப்படியே விழுங்கிவிடும். பல் போனால் போகட்டும் என்று கவலையில்லாமல் கடிக்கலாம்; கீழே அடுத்த பல் தயாராக முளைத்துக் கொண்டிருக்கும். அந்த நாளில் இந்தியாவோடு ஒட்டிக் கிடந்து பிரிந்த மடகாஸ்கரில் மஜுங்காசாரஸ் என்று ஒன்று இருந்தது. அதற்கு ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒரு பல் மாறியதாக 2019ல் கணக்கிட்டிருக்கிறார்கள். நமக்கு அந்த வரம் கிடைத்திருந்தால் பல் வைத்தியர்கள் என்ன ஆவது!

கல்லமேட்டுப் பற்களில் சில இந்த மஜுங்காசாரஸின் குலத்தைச் சேர்ந்தவை. பல் மட்டும்தானே கிடைத்திருக்கிறது, உடம்பு எப்படி இருந்திருக்கும்? அதற்கு குஜராத் பக்கம் பார்க்க வேண்டும். பாலாசினோர் அருகே ரையோலி என்ற இடத்தில் 1980களில் எடுத்த எலும்புகளைக் கூட்டி, 2003ல் 'ராஜாசாரஸ் நர்மதென்சிஸ்' என்று பட்டம் சூட்டினார்கள். நர்மதைக் கரை ராஜா! ராஜாவுக்கு நெற்றியில் குட்டையாக ஒரு கொம்பு. நீளம் ஏழு மீட்டர் சுமார்; கூட்டியும் குறைத்தும் சொல்கிறவர்கள் உண்டு. இந்தக் குலத்துக்கு முகம் நீளமில்லை, முன்னால் அழுத்தி வைத்தாற்போல் குட்டையாக, மேலும் கீழும் உயரமாக இருக்கும். கழுத்து பருமன். கையோ பரிதாபம், எதையும் பிடிக்க முடியாத ஒரு துணுக்கு.

கையில்லாமல் எப்படி வேட்டையாடுவது? வாயால்தான். ஓநாய், நாய்களைப் போல் கடித்துக் கடித்து விட்டு ஓடுகிற ஜாதியாக அவை இருந்திருக்க முடியாது என்பது எலும்பை ஆராய்ந்தவர்களின் எண்ணம். சிறுத்தை ஆட்டின் குரல்வளையைக் கவ்வினால் விடாது அல்லவா? அதைப் போல் ஒரே பிடியாகக் கவ்வி, அந்தக் கெட்டிக் கழுத்தின் பலத்தால் இரையை அடக்கியிருக்கும். மஜுங்காசாரஸின் எலும்புகள் சிலவற்றிலேயே மஜுங்காசாரஸின் பல் தடம் பதிந்திருப்பதை 2003ல் கண்டுபிடித்தார்கள். பசி வந்தால் சொந்தக்காரன் என்றும் பார்ப்பதில்லை போலிருக்கிறது.

கல்லமேட்டில் சின்ன வேட்டைக்காரனும் ஒருவன் இருந்தான் என்பதற்கு ஒரே ஒரு பல் சாட்சி. மண்ணைச் சலித்துக் கழுவி எடுத்த அந்தக் குட்டிப் பல் ட்ரூடான்டிட் என்ற வகையினுடையது என்று 2013ல் எழுதினார்கள். ஒற்றைப் பல்லை வைத்துக்கொண்டு குலம் கோத்திரம் சொல்வதா என்று தயங்குகிறவர்களும் உண்டு. அந்த வகை மயிலுக்கு வெகு பக்கத்து உறவு: இறகு போர்த்த உடம்பு, பெரிய கண், டைனோசார்களில் பெரிய மூளை, காலின் இரண்டாவது விரலில் மட்டும் அரிவாள்போல் வளைந்த பெரிய நகம். இந்த மாதிரி நகம் எதற்கு என்று வெகு நாள் விவாதம் நடந்தது. இரையின் வயிற்றைக் கிழிக்க என்றார்கள் முதலில். 2011ல் இன்னொரு யோசனை வந்தது. பருந்து கோழிக்குஞ்சை என்ன செய்கிறது? காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சிறகை அடித்து நிலை நின்று, உயிரோடேயே கொத்த ஆரம்பித்துவிடும். அதே மாதிரி இவையும் இரைமேல் ஏறி நகத்தால் அமுக்கியிருக்கலாம் என்கிறார்கள். முற்றத்தில் குஞ்சுகளை மேயவிட்டு, வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த நம் பாட்டிமார்களுக்கு இந்த வித்தை புதிதில்லை.

மயிலுக்கு அந்த அரிவாள் நகம் இல்லை, பல்லும் இல்லை. ஆனால் அது தானியம் மட்டும் தின்கிற சாது என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். விராலிமலை அடிவாரத்தில் பெண் மயில் ஒன்று ஓணான் பிடித்ததைப் பார்த்தேன். புதர் ஓரமாக மெதுவாக நடந்து வந்தது. ஓணான் அசைந்ததும் ஒரு கால் தூக்கியபடியே சிலையாக நின்றது. தலையை ஒருக்களித்து ஒரு கண்ணால் அளந்தது. அவ்வளவுதான், கழுத்து பாய்ந்ததைக் கண்ணால் பின்தொடர முடியவில்லை! தரையில் நாலு அடி அடித்து, தலைப் பக்கமாக முழுசாக விழுங்கிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் கழுத்தை நீட்டிக்கொண்டு நடந்தது. பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "முருகா!" என்றார்கள். பூச்சி, கரையான், பல்லி, சின்னப் பாம்பு எல்லாம் அதற்கு ஆகாரம்.

பாம்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். முருகனின் மயில் காலடியில் பாம்பை மிதித்திருப்பதை எத்தனையோ விக்கிரகங்களில் பார்க்கிறோம். அந்தப் பகை எந்தக் காலத்துப் பகை தெரியுமா? குஜராத்தில் ஒரு டைனோசார்க் கூடு கல்லாகக் கிடைத்தது. முட்டைகள், அவற்றின் நடுவே அப்போதுதான் பொரித்து வந்த குஞ்சு, பொரிந்த முட்டையைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும் ஒரு மூன்றரை மீட்டர்ப் பாம்பு! எல்லாம் மண் சரிந்து ஒரே நொடியில் மூடியபடியே இருந்தன. 1980களில் மொஹாபே என்ற நம் நாட்டு விஞ்ஞானி கண்டெடுத்தது. அதில் பாம்பு இருக்கிறது என்பது தெளிந்து உலகத்துக்கு அறிவித்தது 2010ல். அந்தக் காலத்தில் டைனோசார்க் குஞ்சைப் பாம்பு தின்றது. இந்தக் காலத்தில் டைனோசார் பாம்பைத் தின்கிறது!

மயில் அந்தப் பெரிய ராஜாக்களின் நேர் வாரிசு என்று எண்ணிவிடாதீர்கள். ராஜாக்கள் அழிந்தபோதே பறவைகள் தனிக் கிளையாகப் பிரிந்து பறந்து கொண்டிருந்தன. பெல்ஜியத்தில் கிடைத்து, 2020ல் உலகத்துக்கு அறிவிக்கப்பட்ட ஒரு சின்ன மண்டையோடு, பாதி கோழி, பாதி வாத்து மாதிரி இருக்கிறது. வயது 6 கோடியே 67 லட்சம் ஆண்டு. வானத்திலிருந்து விழுந்த பெருங்கல் பெரியவர்களை எல்லாம் ஒழித்தபோது, கோழி அளவுகூட இல்லாத இப்படிப்பட்ட சிலதான் பிழைத்தன. கோழியும் மயிலும் அந்த வழி.

பிழைத்ததோடு தொல்லை தீர்ந்ததா என்றால், இல்லை. விராலிமலையைச் சுற்றி நிலக்கடலையும் நெல்லும் போடுகிற சம்சாரிகளிடம் மயிலின் அழகைப் பற்றிப் பேசிப் பாருங்கள். "உங்களுக்கென்ன, பார்த்துவிட்டுப் பஸ் ஏறிவிடுவீர்கள்" என்பார்கள். விதைத்ததைக் கிளறிவிடும், கதிரைக் கொத்தும். விரட்டலாம்; தொடக்கூடாது. 1963ல் இது தேசியப் பறவை ஆயிற்று. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கிற அதே அட்டவணையில் இருக்கிறது. மயிலைக் கொன்றால் சிறை. இருந்தும் தமிழ்நாட்டில் வயலோரம் விஷம் வைத்த தானியத்தைத் தின்று மயில்கள் கூட்டமாகச் செத்துக் கிடக்கிற செய்தி அவ்வப்போது பத்திரிகையில் வருகிறது. விஷம் வைப்பதை நான் ஒருக்காலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் கடலை போட்டவருக்கு நஷ்ட ஈடு ஒழுங்காகக் கைக்கு வந்து சேரவும் வேண்டும். ஊருக்கெல்லாம் அழகு, செலவு மட்டும் ஒருவர் தலையில் என்பது என்ன நியாயம்?

மழை பெய்த மறுநாள் விராலிமலை போகிறவர்கள் இறங்கி வந்ததும் பக்கத்துக் கண்மாய்க் கரையில் கொஞ்சம் நடந்து பாருங்கள். ஈர மண்ணில் மூன்று விரல் தடம் ஒன்றன் முன் ஒன்றாகப் போயிருக்கும். குழந்தைகளை விட்டுச் சாணால் அளக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் கனெக்டிகட் ஆற்றங்கரைப் பாறைகளில் இதே அச்சுத் தடங்கள், சில மிகப் பெரியவை, வரிசை வரிசையாகக் கிடைத்தன. ஹிட்ச்காக் என்ற பேராசிரியர் அவற்றை அளந்து பார்த்து, ராட்சசப் பறவைகள் நடந்த தடம் என்று 1836ல் எழுதினார். டைனோசார் என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை.